மூக்கவேலுவின் பிள்ளைகள்

1

இந்த ஆடி அமாவாசையன்று, பிறக்கவே பிறக்காத ஒரு பெரியவருக்குப் போட்ட படையலில் நான் வயிறு முட்டச் சாப்பிட்டேன். பூசணிக்காய்க் குழம்பு, அகத்திக்கீரை, வெல்லப் பணியாரம், இலை ஓரத்தில் ஒரு சுருட்டு. சுருட்டு மட்டும் பெரியவருக்கு. மற்றதெல்லாம் எங்களுக்கு.

மதுரையிலிருந்து யாராவது ஒரு நண்பன் மாதம் தவறாமல் "இலங்கையில் என்ன விசேஷம்?" என்று கேட்டு எழுதுகிறான். முத்து, மாணிக்கம், யானை என்று ஏதாவது பதில் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள் போலிருக்கிறது. முத்தை நான் கண்ணால் கண்டதில்லை. யானை என்று பார்த்தால், கோயில் யானையையும் ஒத்தக்கடையில் படுத்துக் கிடக்கும் கல் யானையையும் சேர்த்து மதுரையில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இங்கே விசேஷம் என்றால் இந்த அமாவாசைதான்.

நான் செல்லூர்க்காரன். மெட்ரிகுலேஷன் தேறியவன். அப்பாவுக்கு நூல் கடை. அதில் எனக்கும் ஒரு மணை போட்டு வைத்திருந்தார். எனக்கு உட்கார முடியவில்லை. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வேண்டும் என்ற விளம்பரத்தைக் கண்டதும் மனு எழுதிப் போட்டுவிட்டேன். சேதி தெரிந்ததும் அப்பா கேட்டார்:

"அங்க போயிக் கொழுந்து பறிக்கப் போறியா?"

"இல்லப்பா. பறிக்கிறவங்க பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தரப் போறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். குளிரும்" என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

2

விடியுமுன் தப்பு அடிப்பார்கள். பெரட்டுக்கு வா என்று அர்த்தம். பெரட்டு என்பது வேலையாட்களை வரிசையாக நிறுத்தி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடம். செல்லூரில் தப்புச் சத்தம் கேட்டால் எந்தத் தெருவில் சாவு என்று அம்மா வாசலுக்கு வந்து பார்ப்பாள். இங்கே வந்த முதல் வாரம் முழுக்க, தினம் ஒருவர் செத்துவிட்டார் என்று நினைத்துத்தான் நான் எழுந்து உட்கார்ந்தேன். என்ன தோட்டம் இது, இந்த வேகத்தில் போனால் பள்ளிக்கூடத்தில் யார் மிஞ்சுவார்கள் என்றுகூட யோசித்தேன்.

பள்ளிக்கூடம் ஒரு தகரக் கொட்டகை. மழை விழுந்தால் நான் கத்துவது எனக்கே கேட்காது. மழை விழாத நாள் குறைவு என்பதால் என் பிள்ளைகள் உதட்டைப் பார்த்தே வாய்ப்பாடு படிக்கிறார்கள். எனக்கு மேலே பெரிய கிளாக்கர், அதாவது தோட்டத்து ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக்காரர், சுத்தமான மனிதர், சுத்தமான தமிழ். வந்த புதிதில் அவர், "பின்னேரம் வாரும், கொஞ்சம் கதைக்க வேணும்" என்றார். நான் இரண்டு நல்ல கதைகளைத் தயார் செய்துகொண்டு போனேன். அவர் வருகைப் பதிவேட்டைப் பற்றிப் பேசினார்.

சரித்திரப் பாடத்துக்கு ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். அதில் ராஜாக்கள் வந்தார்கள், சண்டை போட்டார்கள், குளம் வெட்டினார்கள். நான் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தபோது முத்தம்மா எழுந்து நின்றாள். ஐந்தாம் வகுப்பு, இரட்டைச் சடை, கேட்காமல் விடவே மாட்டாள்.

"இவங்கள்லாம் எந்தத் தோட்டம், வாத்தியாரய்யா?"

புத்தகத்தை மூடினேன். சரி, இவர்கள் சரித்திரத்தையே எடுப்போம் என்று, "நீங்கள்லாம் எங்கேயிருந்து வந்தீங்க?" என்று கேட்டேன். லயத்திலிருந்து என்றார்கள். ஒரே கூரை, ஒரே சுவர், வரிசையாகக் கதவுகள். கடைசி வீட்டில் மிளகாய் வறுத்தால் முதல் வீட்டில் தும்முவார்கள், அதுதான் லயம். அதற்கு முன்னால்? எல்லோரும் ஒரே குரலில் "கேம்புலேருந்து" என்றார்கள். எல்லோரும் இங்கேயே பிறந்தவர்கள். ஒருவரும் கேம்பைக் கண்டதில்லை. ஆனாலும் அதுதான் அவர்களுக்குப் பூர்வீகம். வைகையைப் பற்றிச் சொன்னால் அதில் தண்ணீர் இருக்குமா என்று கேட்பார்கள், எப்போதாவது என்பேன், அப்புறம் எதற்கு அதை ஆறு என்கிறீர்கள் என்பார்கள்.

கேம்ப் என்பது மண்டபம் கேம்ப். தோட்ட வேலைக்கு வருகிறவர்களைக் கடல் தாண்டுமுன் அங்கே வேலிக்குள் நிறுத்தி வைப்பார்கள். அம்மையும் காலராவும் கூடவே கப்பல் ஏறிவிடக் கூடாதாம். ஒரு வாரம் போல வாசம். உடுத்த துணியை வாங்கி நீராவியில் வேகவைப்பார்கள், அம்மை குத்துவார்கள், பேர், அப்பன் பேர், ஊர் கேட்பார்கள். அப்போதெல்லாம் தோட்டத்து நம்பர் போட்ட தகரத் துண்டை வேறு கழுத்தில் கட்டி அனுப்புவார்களாம். சட்டை போட்டு இரண்டாம் வகுப்பு டிக்கெட் வைத்திருந்த எனக்கு வேறு மரியாதை. ஒரு டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினேன். போகலாம் என்றார். ரயில் ஜன்னல் வழியாக அந்த வேலியைப் பார்த்தேன். நிறையத் துணி காய்ந்தது, நிறையப் பேர் நின்றார்கள். நான் கைகூட ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

"நீங்க கேம்புல எம்புட்டு நாள் இருந்தீங்க, வாத்தியாரய்யா?" என்றாள் முத்தம்மா.

இருக்கவே இல்லை என்றேன். வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைப் பார்ப்பது போல.

"பாவம்" என்றாள் முத்தம்மா.

3

அன்றைக்கே என் மூளையில் பொறி தட்டியது. கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரில் சாக்கட்டியால் ஒரு ஜன்னல் வரைந்தேன். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு. அதில் உட்காரும் பிள்ளைகள் கேம்ப் குமாஸ்தாக்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், வேலை இல்லாத நாளாகப் பார்த்து, பெற்றவர்களில் ஒருவர் வந்து ஜன்னல் முன்னால் நிற்க வேண்டும். பிள்ளைகள் கேட்பார்கள், அவர்கள் பதில் சொல்ல வேண்டும், அப்படியே வந்த கதை முழுவதும் வெளியே வர வேண்டும். பெரிய கிளாக்கர் இதற்கு அனுமதி கொடுத்தார். பள்ளிக்கூட நாற்காலியில் மட்டும் வெளியார் யாரும் உட்காரக் கூடாது என்று ஒரு நிபந்தனை.

என் பிள்ளைகள் குமாஸ்தா வேலையைப் பிறவியிலேயே கற்றிருந்தார்கள். "நாக்கை நீட்டு." "கையைக் காட்டு." "வரிசையில நில்லு." பெற்ற அப்பனைப் பார்த்து "உன் பேரு என்ன?" என்று கேட்பதில் அவர்களுக்கு இருந்த ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. முதல் வாரம் இரண்டு பேர் வந்தார்கள். நாலாவது வாரம் கொட்டகை கொள்ளவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

என்னென்ன கதைகள்! யாரோ புதுச் சிவப்புச் சேலை ஒன்றை மற்றத் துணிகளோடு நீராவிக்குக் கொடுத்துவிட, அந்தக் கூட்டத்து வேட்டிகள் அத்தனையும் ரோஜா நிறத்தில் வெளியே வந்திருக்கின்றன. அப்படியே கப்பலேறி, அப்படியே தோட்டத்துக்கு வந்து, துரை முன்னால் ரோஜா நிறத்தில் வரிசையாக நின்றிருக்கிறார்கள். துரை அதை மதுரைப் பக்கத்து வழக்கம் என்று நம்பிவிட்டாராம். இன்னொருவர் அம்மை குத்துவதைப் பச்சை குத்துவது என்று நினைத்து மார்பைக் காட்டி, முருகன் படம் கேட்டிருக்கிறார். ஒரு பெண் மட்டும், கண் சரியில்லை என்று அவள் அம்மாவைக் கேம்பிலிருந்தே திருப்பி அனுப்பியதைச் சொன்னாள். வேலிக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் இவள். முத்தம்மா பெஞ்சிலிருந்து எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெண் தானாக வந்தவள். நான் கூப்பிட்டு அனுப்பியதெல்லாம் ஆண்களைத்தான். வேண்டுமென்று செய்யவில்லை, சரித்திரம் என்றதும் என் வாயில் ஆண் பிள்ளைப் பெயர்களாகத்தான் வந்தன.

4

அப்படிக் கூப்பிட்டு அனுப்பியதில் இருவர் சோணையும் மாயாண்டியும். அண்ணன் தம்பி. சோணை மூத்தவர், தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், அதிகம் பேசாதவர். மாயாண்டி நேர் எதிர். பெரட்டில் அவர் நிற்கும் வரிசையில்தான் சிரிப்புக் கேட்கும். மாயாண்டியின் மனைவி பேச்சி, பிள்ளை மடுவத்தில் வேலை. தாய்மார் மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் கொட்டகை அது. தோட்டத்தில் பாதிப் பேர் அவள் இடுப்பில் வளர்ந்தவர்கள். அவர்கள் எல்லோருக்கும் அவள் பேச்சியாத்தா. அவள் சோணையை "அண்ணே" என்று கூப்பிடுவாள். புருஷனின் அண்ணனை அப்படிக் கூப்பிடுவதாவது என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம், நம் ஊரில் ஜட்கா வண்டிக்காரரும் அண்ணே, மோர் விற்பவரும் அண்ணே, இதில் என்ன என்று விட்டுவிட்டேன்.

இந்த அண்ணன் தம்பிக்கு அப்பா பேர் மூக்கவேலு. அவர் செத்துப் பல காலம். ஆனாலும் தோட்டத்தில் அவரைத் தெரியாதவர் இல்லை. முறுக்கு மீசை. ஒரு கொம்பு ஒடிந்த காளை வைத்திருந்தார். ஊர் அம்பலக்காரர் முன்னால் தோளில் கிடந்த துண்டை எடுக்காமல் நின்றவர். ஆடி அமாவாசைக்கு அமாவாசை படையல் போட்டு அவர் கதையைச் சொல்வார்கள். சாவில் மட்டும் கொஞ்சம் குழப்பம். சோணை சொன்னால் பாம்பு கடித்துச் சாவார், மாயாண்டி சொன்னால் தூக்கத்தில் சாவார்.

அமாவாசைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால், பிள்ளைகள் போன பிறகு மாயாண்டி வந்தார். பிள்ளைகள் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். சிரிப்பு இல்லை.

"மூக்கவேலுன்னு யாருமே இல்ல, வாத்தியாரே" என்றார்.

பிறகு சொன்னார். இருபது வருஷத்துக்கு முன்னால், மதுரை ஸ்டேஷனில் மண்டபத்துக்கு ரயில் ஏறியபோது அவரும் பேச்சியும் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கத்து ஊர். எதிரே உட்கார்ந்திருந்தவர் சோணை. காளவாசலுக்கு மேற்கே ஏதோ ஊர். சாதி ஒன்று, சனம் வேறு, அதற்கு முன் கண்டதே இல்லை. சோணை மடியில் ஒரு கைப்பிள்ளை. தாய் இல்லை, பெற்ற கொஞ்ச நாளில் போய்விட்டாள். கேம்பில் இறங்கியதும் யாரோ கிளப்பிவிட்டார்கள், பெண் துணை இல்லாமல் கைப்பிள்ளையோடு வருகிறவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று. சோணை அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாராம். திரும்பிப் போக அவருக்கு இடம் இல்லை. மாயாண்டிக்கு என்ன தோன்றியதோ, "எங்கண்ணன்யா, பிள்ளைய எம் பொஞ்சாதி பாத்துக்கிரும்" என்று ஜன்னலில் சொல்லிவிட்டார். குமாஸ்தா, அப்பன் பேர் என்ன என்று கேட்டான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். ஒருவர் மூக்கன் என்றார், ஒருவர் வேலு என்றார். குமாஸ்தா தலையைத் தூக்கினான்.

"மூக்கவேலுங்கய்யா" என்றார் மாயாண்டி.

அப்புறம் அந்த வாரம் முழுக்க வேலை இதுதான். வேறு ஜன்னலில் வேறு யாராவது கேட்டால் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று, வேலியோரம் உட்கார்ந்து ஒரு அப்பாவைச் செய்தார்கள். மீசையை மாயாண்டி வைத்தார். காளையைச் சோணை கொடுத்தார். சாவை முடிவு செய்வதற்குள் கப்பல் வந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை. ஆனால் செய்த அப்பாவை யார் தூக்கிப் போடுவது? கூடவே கொண்டுவந்துவிட்டார்கள்.

அந்தக் கைப்பிள்ளைதான் அழகு. இப்போது தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மாயாண்டிக்கு இங்கே பிறந்த ஒரே மகள் மீனா. மீனா அழகைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்கிறாள். அழகும் அப்படியே. தோட்டத்து ஜனங்கள் கண்ணுக்கோ அவர்கள் அண்ணன் தங்கை. ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி தன் அக்கா மகனுக்கு மீனாவைக் கேட்டிருக்கிறார். அமாவாசைக்குள் பதில் சொல்ல வேண்டும். கங்காணியிடம் காரணம் இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாகக் கொழுந்து பறிக்க முடியாது.

"உண்மையச் சொல்லிட வேண்டியதுதானே?" என்றேன்.

"அண்ணன் சம்மதிக்க மாட்டேங்குது. அப்பன் இல்லேன்னு வாயத் தொறந்தா அன்னைக்கே லயத்த விட்டுப் போயிருவேங்குது. நான் தனியாச் சொன்னா, கல்யாணத்துக்காக அப்பனையே மாத்துறான்பாங்க. உங்க ஜன்னல்ல வச்சுக் கேளுங்க. பிள்ளைக கேட்டா அண்ணன் பொய் சொல்லாது."

சோணைக்கு இதில் என்ன போகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். நானோ எழுந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டேன். உண்மைச் சரித்திரம் நேரே என் கொட்டகைக்கு நடந்து வருகிறது. எனக்கு வேறு என்ன வேண்டும்?

5

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. எல்லாம் எல்லோருக்கும் கேட்கும். லயமே வந்திருந்தது. பெரிய கங்காணி வாசலில் குடையோடு நின்றார். மீனா பெண்கள் நடுவே, அழகு வெளியே நிஜ ஜன்னல் ஓரம். பேச்சி கடைசியில், வழக்கம்போல் யாரோ ஒருத்தியின் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

முத்தம்மாதான் குமாஸ்தா. காதில் பென்சில் வேறு.

முதலில் சோணை. பேரு? சோணை. நாக்கை நீட்டு. நீட்டினார். அப்பன் பேரு?

"மூக்கவேலு" என்றார், கணீரென்று. மாயாண்டி நம்பியது அந்த ஒரு கேள்வியிலேயே பொய்த்தது.

அடுத்தது மாயாண்டி. பேர் சொன்னார். நாக்கை நீட்டினார். அப்பன் பேரு? அவர் கூரையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"வேலு" என்றார்.

"முழுப் பேரச் சொல்லு" என்று அதட்டினாள் முத்தம்மா.

"அம்புட்டுத்தாந்தாயி. வேலு."

சனங்கள் சிரித்தார்கள், வழக்கமான வேடிக்கை என்று நினைத்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ரயிலிலிருந்து கப்பல் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்லச் சிரிப்பு அடங்கியது. கங்காணி குடையை மடக்கினார்.

சோணை ஜன்னலை விட்டு நகரவில்லை. தம்பியைப் பார்க்காமல், முத்தம்மாவிடம் பேசுவது போல் பேசினார்.

"எங்கப்பன் பேரு மூக்கன். நெசம். குடிப்பாரு, அடிப்பாரு. ஒரு நாளு எனக்குன்னு சோறு எடுத்து வச்சதில்ல. பொஞ்சாதி செத்த அன்னைக்கும் வீட்டுக்குள்ள விடல. இந்த மூக்கவேலுதான் என்னயக் கப்பல் ஏத்திவிட்டாரு." பிறகு மாயாண்டி பக்கம் திரும்பினார். "அண்ணன் வேணாம்னா நேராச் சொல்லியிருக்கலாம்டா. பிள்ளைக முன்னால அப்பனை இல்லேங்கணுமா?"

"நான் அண்ணன வேணாங்கலண்ணே. சம்பந்தி வேணுங்கிறேன்."

"ரெண்டும் ஒரே ஆளு எப்படிடா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். அப்பன் இல்லை என்ற அன்றே போய்விடுவேன் என்றவர். மீனா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சாக்கட்டியைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். என் உண்மைச் சரித்திரம் ஒரு மனிதரின் அப்பாவையும் தம்பியையும் ஒரே காலையில் பறித்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுக்கும் வழி எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

"ஏன் வாத்தியாரே, உங்க கேம்புல ஒரு ஜன்னல்தானா?"

பேச்சி. ஆமாம் என்றேன்.

"நாங்க போன கேம்புல ரெண்டு."

நேராக முன்னால் வந்து இடுப்புப் பிள்ளையை என்னிடம் கொடுத்தாள். என் கையிலிருந்த சாக்கட்டியை வாங்கி, எதிர்ச் சுவரில் இன்னொரு ஜன்னல் வரைந்தாள். நான் வரைந்ததைவிடப் பெரிசு. "அண்ணே, செத்த நில்லுங்க" என்றாள். சோணை வாசலில் நின்றார். முத்தம்மாவைக் கூப்பிட்டு அந்தப் பக்கம் உட்கார வைத்தாள்.

"நீ பொம்பளைக பக்கத்து நர்ஸம்மா. ஏங்கையில ஒரு பிள்ளை இருக்குன்னு வச்சுக்க. யாரு பிள்ளைன்னு கேளு."

"இது யாரு பிள்ளை?" என்றாள் முத்தம்மா, குரலை மாற்றிக்கொண்டு.

"எங்கண்ணன் பிள்ளை. ஆத்தா இல்ல. அத்தைக்காரி நாந்தான் பாத்துக்கிறேன்."

பேச்சி சனங்களைப் பார்த்துத் திரும்பிச் சொன்னாள். நடுவில் ஓலைத் தட்டி, அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். அம்மை குத்தப் பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு ஆண்கள் இருவரும் போய்விட்டார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் இவர்கள் அப்பன் செய்துகொண்டிருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? மதுரை ஸ்டேஷனிலிருந்து மண்டபம் வரைக்கும் இந்த மனுஷன், தங்கச்சி, பிள்ளையக் கொஞ்சம் பிடி, தங்கச்சி, கொஞ்சம் தண்ணி கொடு என்றே வந்தார். தங்கச்சி என்றவருக்கு அவள் தங்கச்சி. கேட்டார்கள், அப்படியே சொன்னாள். அன்றிலிருந்து அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். யாராவது ஏன் என்று கேட்டதுண்டா?

நான் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டேன்.

"பொங்கலுக்குப் பொங்கல் எனக்குச் சீர் யாரு வீட்டுலேருந்து வருது?" என்றாள் பேச்சி.

"சோணை வீட்டுலேருந்து" என்றது ஒரு பெண் குரல்.

"மீனாவுக்கு யாரு மடியில வச்சுக் காது குத்துனோம்? அவ சமைஞ்சப்போ யாரு பச்சை ஓலை வெட்டிக் குச்சுக் கட்டுனது?"

எல்லோருக்கும் நினைவிருந்தது. சோணைதான். இதெல்லாம் தாய்மாமன் செய்கிற முறை. இந்தக் கரையில் பேச்சிக்குப் பிறந்த வீட்டு ஆள் யாரும் இல்லை. அதனால் பெரியப்பாவே செய்கிறார் போலும், இருக்கிற ஆளை வைத்துத்தானே செய்ய வேண்டும் என்று தோட்டம் நினைத்துக்கொண்டிருந்தது.

"பெரியப்பன் மடியில வச்சுக் காது குத்துவாங்களா?"

பின்வரிசைப் பெண்கள் அதெப்படி என்றார்கள்.

"அப்ப அழகு எனக்கு யாரு?" என்று முத்தம்மாவைக் கேட்டாள். முத்தம்மா தன் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சுவர் ஜன்னலில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"அண்ணன் மகன்."

"மீனாவுக்கு?"

வகுப்பே கத்தியது: "முறைமாப்பிள்ளை!" வாய்ப்பாட்டில்கூட இப்படி ஒரே குரலாக அவர்கள் பதில் சொன்னதில்லை.

கங்காணி தொண்டையைச் செருமினார். முறைமாப்பிள்ளை இருக்கும்போது வெளியாள் கேட்பது மரியாதை இல்லை என்றும், தனக்கு இது முன்பே தெரிந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டேன் என்றும் சொன்னார். பெருந்தன்மையான முகம். குடையை விரித்துக்கொண்டு புறப்பட்டார், மழை இல்லாவிட்டாலும்.

சோணை வாசலிலேயே நின்றார். "அப்ப அப்பன்?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

"அப்பா எங்க போவாரு? எனக்கும் உங்களுக்கும் அப்பா. பெத்தவரு ஊர்ல இருந்தாரு, கரை சேத்தவரு இவரு." புருஷனைக் காட்டினாள். "இந்தா நிக்கிறாரே, இவரு அப்பாவுக்கு மருமகன்."

"நான் மருமகனா?" என்றார் மாயாண்டி. "அடியே, அந்த மீசையே நான் வச்சது."

கொட்டகை சிரித்த சிரிப்பில் தகரம் அதிர்ந்தது. சோணை திரும்பி வந்தார். பெரிய கிளாக்கர் நிபந்தனை போட்ட நாற்காலி காலியாக இருந்தது, அதில் உட்கார்ந்தார். நான் தடுக்கவில்லை. பக்கத்துப் பெஞ்சைக் கையால் தட்டிக் காட்டினார்.

"வாங்க மச்சான். இப்படி உக்காருங்க" என்றார்.

இத்தனை வருஷமாக வாடா போடா கேட்டுப் பழகிய மாயாண்டி, அந்த மரியாதையில் நடுங்கிப் போய் நுனியில் உட்கார்ந்தார்.

6

அமாவாசையன்று வேலை விட்டதும் வரச் சொல்லியிருந்தார்கள். குளித்து, திருநீறு பூசிக்கொண்டு போனேன். சோணையும் பேச்சியும் இலை போட்டார்கள். மாயாண்டி பாயில் விருந்தாளியாக உட்கார வைக்கப்பட்டிருந்தார். மருமகன் படையலில் கை வைக்கக் கூடாதாம். பூசணிக்காயில் புளி போதாது, மாமனாருக்குப் பிடிக்காது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குறை சொல்லிக்கொண்டிருந்தார். அழகு அவருக்கு விசிறினான். அவனையும் வருங்கால மருமகன் என்று மதித்து யாரும் விசிறவில்லை. மீனா அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை. கல்யாணம் ஆவணியில் என்று முடிவானதிலிருந்து அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. இத்தனை நாள் அவனோடு ஓடையில் தண்ணீர் எடுத்தவள்.

மூக்கவேலு இந்த வருஷம் பாம்பு கடித்துச் செத்தார். மருமகன் எதிர்த்துப் பேச முடியவில்லை.

இலை காக்காய்க்கு வைத்தாயிற்று. எல்லோரும் உட்காரும்போது ஒரு சிக்கல். படையல் சோறு சொந்தத்துக்குத்தான் முதலில். வாத்தியாருக்கு என்ன முறை என்று கேள்வி எழுந்தது. நான் பரவாயில்லை, பிந்திச் சாப்பிடுகிறேன் என்று எழுந்தேன்.

"கேம்புக்கே போகாத பிள்ளை, பாவம்" என்றாள் பேச்சி. சோணையைப் பார்த்தாள். "ஏண்ணே, நம்ம அப்பாவுக்குக் கடைசியா ஒரு பையன் இருந்தானே? படிக்கப் போனான்ல?"

சோணை ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை.

"ஆமா. சாகும்போதுகூடச் சின்னவன் வந்துட்டானான்னுதான் கேட்டாரு" என்றார்.

கண்ணை வேறு துடைத்துக்கொண்டார். நான் உட்கார்ந்துவிட்டேன். உட்காராமல் என்ன செய்வது?

"அப்ப வாங்க மாப்ள" என்றார் மாயாண்டி. "அப்பனுக்கு ஆளுக்கொண்ணு கொடுத்திருக்கோம். நான் மீசை, மச்சான் காளை. நீங்க என்ன தாரீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மெட்ரிகுலேஷன் தேறியவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன்.

"புறப்படும்போது எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. 'குளிரும்'னு சொன்னாரு."

பேச்சி என் இலையில் இன்னொரு பணியாரம் வைத்தாள்.

"சொல்லுவாரு" என்றார் சோணை. "அப்படித்தான் சொல்லுவாரு."

சாப்பாடு முடிந்ததும் பேச்சி எனக்கு வெற்றிலை கொடுத்துவிட்டு, ஆவணியில் கல்யாணம், இளைய தாய்மாமன் சீர் மறந்துவிடாதே என்றாள். சொந்தம் கிடைத்து ஒரு பந்தி முடிவதற்குள் சீர் கேட்டுவிட்டார்கள். நம் ஊர்தான், சந்தேகமே இல்லை.

நல்ல சுங்குடிச் சேலை ஒன்று வாங்கி அனுப்பச் சொல்லி அப்பாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அக்கா மகள் கல்யாணத்துக்கு என்று காரணமும் எழுதியிருக்கிறேன். எனக்கு அக்கா கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே செல்லூர் நண்பர்கள் யாராவது நூல் கடைப் பக்கம் போனால் இதை அவருக்குப் படித்துக் காட்டிவிடுங்கள். மூக்கவேலு வருகிற இடங்களை மட்டும் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.